ஆக்சிஜன் 96 காட்டுகிறதே, அப்பாவுக்கு மெஷின் எதற்கு?

டெல்டா மாவட்டம் ஒன்றிலிருந்து ஒரு மகள் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஊர், பெயர் எல்லாவற்றையும் நீக்கிவிட்டுச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

அவருடைய அப்பாவுக்கு 62 வயது. மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒன்றரை வருடம் முன்பு வலது கையில் பிடிமானம் போனது. பிறகு தோள் இளைத்தது, இப்போது வாக்கர் பிடித்துத்தான் நடக்கிறார். பேச்சு லேசாகக் குழறுகிறது, தண்ணீர் குடித்தால் சில நேரம் புரையேறுகிறது. நரம்பியல் மருத்துவர் இதை மோட்டார் நியூரான் நோய் (தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் அழியும் நோய்), அதிலும் ஏ.எல்.எஸ். வகை என்று சொல்லி ரிலுசோல் மாத்திரை கொடுத்திருக்கிறார். சென்ற மாதம் ஊதிப் பார்க்கும் பரிசோதனையில் நுரையீரல் கொள்ளளவு 54 சதவீதம் வந்ததால், இரவில் பைபாப் மெஷின், அதாவது மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தத்தோடு ஊதி மூச்சுக்கு உதவும் மெஷின், வைக்கச் சொன்னார்கள். மெஷின் விற்றவர் வீட்டுக்கு வந்து, பத்து நிமிடத்தில் மாட்டிக் காட்டிவிட்டுப் போய்விட்டார். இரண்டாம் இரவே அப்பா இடது கையால் மாஸ்க்கை இழுத்துப் போட்டுவிட்டார்.

இப்போது அவர் படுக்கையில் படுப்பதில்லை, சாய்வு நாற்காலியில்தான் தூக்கம். காலையில் தலைவலி, பகலெல்லாம் அசதி. உள்ளூர் மருத்துவர் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். துபாயில் இருக்கும் அண்ணன், "கொரோனா நேரத்தில் வாங்கின ஆக்சிஜன் மெஷின் சும்மாதானே இருக்கு, அதை வையுங்க" என்று சொல்ல, அம்மா இரவில் அதை வைக்கிறார். விரலில் மாட்டிப் பார்த்தால் 96 காட்டுகிறது. சித்தப்பாவோ, நண்பர் குறட்டைக்கு வைத்திருந்த பழைய மெஷினைக் கொண்டுவருகிறேன் என்கிறார். இத்தனைக்கும் அப்பாவிடம் நோயின் பெயரைச் சொல்லவில்லை. "நரம்புத் தளர்ச்சி, சரியாகிவிடும்" என்றே சொல்லி வைத்திருக்கிறார்கள். மெஷினுக்கு உடம்பு பழகிவிடுமா, தொண்டையில் துளையிட்டு வென்டிலேட்டர் வைக்க வேண்டி வருமா, வேண்டாம் என்றால் அது பாவமா, குற்றமா என்று கேட்கிறார் மகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு விஷயங்கள் என்னைப் பதற வைத்தன. மற்றதைப் பிறகு பார்க்கலாம்; இந்த இரண்டை மட்டும் இன்றே கவனியுங்கள்.

ஆக்சிஜனும் தூக்க மாத்திரையும்

அப்பாவின் நுரையீரல் நன்றாகத்தான் இருக்கிறது. துருத்தியில் ஓட்டை இல்லை, அதை அமுக்கும் கைதான் சோர்ந்துவிட்டது. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் உதரவிதானம் என்ற தசைதான் மூச்சு இழுக்கும் வேலையில் பெரும்பகுதியைச் செய்கிறது. இந்த நோயில் அதை இயக்கும் நரம்பணுக்கள் ஒவ்வொன்றாக அழிகின்றன. அதனால் மூச்சு மேலோட்டமாகிறது. உள்ளே போகும் ஆக்சிஜன் ஓரளவு போய்விடும். வெளியே வர வேண்டிய கரியமில வாயு முழுவதும் வராமல் ரத்தத்தில் தேங்கும். காலைத் தலைவலியும், பகல் அசதியும், மல்லாந்து படுக்க முடியாததும் அந்தத் தேக்கத்துக்கும் தசைச் சோர்வுக்கும் அடையாளங்கள்.

விரலில் மாட்டும் கருவி ஆக்சிஜனை மட்டுமே காட்டும். கரியமில வாயு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அதற்குத் தெரியாது. ஆக்சிஜன் மெஷினை ஓடவிட்டுக்கொண்டே அளந்தால் 96 என்ன, 99 கூடக் காட்டும். கொரோனா காலத்தில் அந்த எண்ணைப் பார்த்துப் பார்த்து நம் வீடுகளில் எல்லோரும் பாதி மருத்துவராகிவிட்டோம். அந்தப் பாடம் இந்த நோய்க்குப் பொருந்தாது. இன்னும் ஒன்று: கரியமில வாயு தேங்கிய உடம்பில் வெறும் ஆக்சிஜனை மட்டும் ஓடவிட்டால் மூச்சை முடுக்கிவிடும் எச்சரிக்கை அடங்கி, சுவாசம் மேலும் மந்தமாகலாம். ஆக்சிஜன் வைத்த நாட்களில் காலையில் அப்பாவை எழுப்புவதே கஷ்டமாக இருந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அது நல்ல தூக்கம் இல்லை.

தூக்க மாத்திரையும் அதே திசையில்தான் வேலை செய்யும். எழுதிக் கொடுத்தவரைக் குறை சொல்வதற்கில்லை. தூக்கம் வரவில்லை என்று போனீர்கள், அவர் மாத்திரை கொடுத்தார். ஆனால் அப்பாவுக்குத் தூக்கம் கெடுவதே மூச்சு போதாமல்தான். நோயின் பெயரைச் சொல்லி, நிறுத்தலாமா என்று இன்றே அவரிடம் கேளுங்கள். அப்பாவின் நரம்பியல் மருத்துவருக்கும் போன் செய்து இந்த இரண்டையும் சொல்லுங்கள். நிமோனியா போன்ற சமயத்தில் ஆக்சிஜன் தேவைப்படலாம், ஆனால் அது மருத்துவர் பார்வையில், பெரும்பாலும் பைபாப்புடன் சேர்த்து. எழுப்பினால் எழவில்லை, குழப்பமாகப் பேசுகிறார், உதடு நீலமாகிறது என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

54 என்பது நல்ல எண்ணா?

"50-க்குக் கீழே போனால்தான் மெஷின் வேண்டுமாம், இன்னும் 54 இருக்கிறதே" என்று சித்தப்பா சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். எங்கோ படித்துவிட்டுச் சொல்கிறார், பாதி சரி. 50-க்குக் கீழே போனால் அறிகுறி இல்லாவிட்டாலும் தொடங்க வேண்டும் என்பதுதான் அது. அறிகுறிகள் இருந்தால், 80-க்குக் கீழே இறங்கியதுமே தொடங்கலாம் என்கின்றன பிரிட்டனின் 2016 வழிகாட்டு நெறிகள். அப்பாவுக்கு அறிகுறிகள் வரிசையாக இருக்கின்றன. அந்த 54-ஐயும் உட்கார வைத்து எடுத்திருப்பார்கள். படுக்க வைத்து எடுத்தால் இன்னும் குறையும், உதரவிதானம் எவ்வளவு சோர்ந்திருக்கிறது என்பது அதில்தான் தெரியும். மணிக்கட்டு ரத்தக் குழாயில் எடுக்கும் 'ஏ.பி.ஜி.' பரிசோதனையை இந்த வாரமே செய்யுங்கள். கரியமில வாயு அளவு 45-ஐத் தாண்டியிருந்தால் யோசிக்க எதுவும் இல்லை.

மெஷினுக்குப் பழகினால் நுரையீரல் சோம்பேறியாகிவிடும் என்ற பயத்துக்கு ஆதாரம் கிடையாது. போகப் போக அதிக நேரம் மெஷின் தேவைப்படும் என்பது உண்மை. அதற்குக் காரணம் நோய் வளர்வது. மெஷின் வைக்காவிட்டாலும் அது வளரத்தான் செய்யும். மெஷின் இரவில் அந்தத் தசைகளுக்கு ஓய்வு கொடுக்கிறது, அவ்வளவுதான்.

எவ்வளவு பலன் என்று கேட்டிருக்கிறீர்கள். இங்கிலாந்தின் நியூகாசிலில் நடந்து 2006-ல் வெளியான ஆய்வில், தொண்டைத் தசைகள் கடுமையாகப் பாதிக்கப்படாதவர்கள் இந்த மெஷினால் கூடுதலாக வாழ்ந்த காலம் நடுமதிப்பில் 205 நாள். வாழ்க்கைத் தரமும் தக்கவைக்கப்பட்டது. ஆய்வில் இருந்தவர்கள் 41 பேர்தான் என்றாலும் இன்றுவரை உலகம் அதை நம்பித்தான் சிகிச்சை செய்கிறது. ரிலுசோல் மாத்திரை தரும் கூடுதல் காலம் சராசரியாக இரண்டு மூன்று மாதம். மாத்திரையை ஒரு நாள் தவறினால் பதறுகிறீர்கள். மெஷின் மூலையில் கிடக்கிறது. தொண்டை மிகவும் பலவீனமானவர்களுக்கு ஆயுள் கூடவில்லை, ஆனாலும் தூக்கம் தொடர்பான தொல்லைகள் குறைந்தன. அப்பாவின் பேச்சு இன்னும் புரிகிறது, அதனால் அவர் முதல் வகைக்கு நெருக்கமானவர்.

அண்ணன் விசாரித்த உதரவிதான பேஸ்மேக்கரை, அதாவது அந்தத் தசையை மின்சாரத்தால் தூண்டும் கருவியை, மறந்துவிடுங்கள். பிரிட்டனிலும் பிரான்சிலும் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். பொருத்திக்கொண்டவர்கள் சீக்கிரம் இறந்தார்கள். அப்புறம், நீங்கள் கேட்ட 'மெட்ராஸ் வகை' மோட்டார் நியூரான் நோய். அது உண்மையான நோய்தான், 1970-ல் சென்னை மருத்துவர்கள் முதன்முதலில் விவரித்து எழுதினார்கள். மெதுவாகத்தான் வளரும். ஆனால் அது இளம் வயதிலேயே தொடங்கும், காது கேட்காமல் போவதும் முகத்தசை தளர்வதும் அதன் முத்திரை. அறுபதில் கையில் தொடங்கிய அப்பாவின் நோய் அது இல்லை. இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங்கோடும் ஒப்பிடாதீர்கள்; அவர் 1963-ல் நோய் தெரிந்து 2018 வரை இருந்தது மிக அரிதான விதிவிலக்கு, அதை வைத்துக் கணக்குப் போடக் கூடாது.

அப்பா ஏன் மாஸ்க்கைக் கழற்றினார்

இதுதான் நான் மிகவும் விரிவாகப் பேச விரும்பும் இடம். "அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று முடிவு கட்டிவிட்டீர்கள். நீங்கள் அனுப்பிய சீட்டில் உள்மூச்சு அழுத்தம் 16 என்று இருக்கிறது. முதல் நாளே 16! ஓடும் பஸ்ஸின் ஜன்னலில் முகத்தை நீட்டியது போல் இருந்திருக்கும். பொதுவாக 8 அல்லது 10-ல் தொடங்கி, நாட்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். வெளிமூச்சு அழுத்தம் 4 போதும். அவர் மூச்சு இழுக்க மறந்தாலும் மெஷின் தானே கொடுக்கும் பின்னணி வேகமும் அமைத்திருக்க வேண்டும், எஸ்.டி. என்று குறிப்பிடும் முறை அது. இவற்றை நீங்களாக மாற்றாதீர்கள். மெஷினைத் தூக்கிக்கொண்டு நுரையீரல் மருத்துவரிடம் போங்கள். அதில் மெமரி கார்டு இருக்கும், எத்தனை மணி நேரம் ஓடியது, எவ்வளவு காற்று கசிந்தது எல்லாம் அதில் பதிவாகியிருக்கும்.

சித்தப்பா கொண்டுவருவதாகச் சொல்லும் குறட்டை மெஷின் பெரும்பாலும் சிபாப்பாக இருக்கும். அது ஒரே அழுத்தத்தில் காற்றை ஊதும். தொண்டைக் குழாய் மூடாமல் இருக்கத்தான் அது. சோர்ந்த தசைக்கு வெளிமூச்சு விடுவதையே அது பாரமாக்கிவிடும். நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பழக்குவதைப் பகலில் தொடங்குங்கள். அப்பா டிவியில் கிரிக்கெட் பார்க்கும்போது முதலில் வெறும் மாஸ்க்கை மட்டும் முகத்தில் வைத்துப் பிடியுங்கள், வாரைக் கட்ட வேண்டாம். பிறகு மெஷினோடு பதினைந்து நிமிடம், அரை மணி. மதியத் தூக்கத்துக்கு அது பழகிய பிறகு இரவுக்குப் போங்கள். இரவில் நான்கு மணி நேரம் தாங்கினாலே பலன் தெரிய ஆரம்பிக்கும், காலைத் தலைவலி குறைவதை அவரே சொல்வார். மாஸ்க்கில் மூக்கை மட்டும் மூடுவது, மூக்குத் துவாரத்தில் பொருந்துவது, வாயையும் சேர்த்து மூடுவது என்று வகைகள் உண்டு. வாய் திறந்து தூங்குபவருக்கு மூக்கு மாஸ்க்கில் காற்று வாய் வழியாகப் போய்விடும். வாயையும் மூடும் மாஸ்க் என்றால், அவர் கையாலேயே கழற்ற முடிய வேண்டும், முடியாவிட்டால் பக்கத்தில் ஆள் படுத்திருக்க வேண்டும். வாந்தி வந்தால் ஆபத்து. இன்று இடது கை வேலை செய்கிறது. அது தளரும் நாளுக்கு முன்பே, தலையை அசைத்து அழுத்தக்கூடிய அழைப்பு மணி ஒன்றை அமைத்துவிடுங்கள்.

மூக்குத் தண்டில் புண் வந்தால் இரண்டு விதமான மாஸ்க்கை மாற்றி மாற்றிப் போடலாம். மூக்கு வறண்டால் ஈரப்பதம் சேர்க்கும் பகுதியை மெஷினோடு இணைக்கலாம். வயிறு உப்பினால் அழுத்தத்தைக் குறைத்துப் பார்ப்பார்கள். இரவுச் சாப்பாட்டை முன்னதாக முடித்துவிடுங்கள். எச்சில் அதிகமாக ஊறினால் அதற்கு மாத்திரை இருக்கிறது.

கரண்ட் போனால் என்ன செய்வது என்பதை அப்பாவிடமே விடுங்கள், அவருக்குத் தெரியாததா! இன்வெர்ட்டர் தாங்குமா என்று மெஷினின் வாட் அளவைப் பார்த்து அவர் சொல்லிவிடுவார். ஈரப்பதக் கருவியை அணைத்து வைத்தால் பேட்டரி அதிக நேரம் வரும். மெஷின் தேவை ஒரு நாளில் 14 மணி நேரத்தைத் தாண்டினால், உள்ளேயே பேட்டரி உள்ள மெஷினும் மாற்றுக்கு ஒன்றும் அவசியம். பெரிய ஊர்களில் வாடகைக்குக் கிடைக்கிறது, முதலில் வாடகைக்கு எடுத்துப் பார்த்திருக்கலாம்.

இருமலையும் கவனிக்க வேண்டும். இருமும் வேகம் நிமிடத்துக்கு 270 லிட்டருக்குக் கீழே போனால் ஒரு சாதாரண சளியே நிமோனியாவாக முற்றலாம். ஆம்பு பையால் (கையால் அமுக்கிக் காற்றைச் செலுத்தும் பை) மூச்சின் மேல் மூச்சை அடுக்கி இரும வைக்கும் முறையை பிசியோதெரபிஸ்ட் ஒரே நாளில் கற்றுத் தருவார். விலை அதிகமான இருமல் உதவி மெஷின் பிறகு தேவைப்படலாம். புளூ, நிமோகாக்கல் தடுப்பூசிகளைப் போட்டுவிடுங்கள். வயிற்றில் உணவுக் குழாய் வைப்பது பற்றி "சாப்பிட முடியாதபோது பார்க்கலாம்" என்று தள்ளியிருக்கிறீர்கள். மூச்சளவு 50-க்குக் கீழே போனபின் அந்தச் சின்ன சிகிச்சையே ஆபத்தானதாகிவிடும். குழாய் வைத்தபின்னும் வாயால் ருசிக்குச் சாப்பிடலாம். இதை இப்போதே மருத்துவரிடம் கேளுங்கள்.

தொண்டையில் துளை

பைபாப் போதாமல் போகும் காலம் வரும். அப்போது கழுத்தில் துளையிட்டு வென்டிலேட்டர் வைத்தால் பல ஆண்டுகள்கூட உயிர் இருக்கலாம். ஜப்பானில் இதைத் தேர்ந்தெடுப்பவர்கள் கணிசம். வென்டிலேட்டரோடு வாழும் ஏ.எல்.எஸ். நோயாளியான யசுஹிகோ ஃபுனாகோ 2019-ல் அந்நாட்டு நாடாளுமன்ற மேலவைக்கே தேர்வானார். அங்கே அரசுச் செலவில் பராமரிப்பாளர்கள் வீட்டுக்கு வருகிறார்கள். இங்கே அம்மாவும் நீங்களும்தான். இரவும் பகலும் சளி உறிஞ்ச வேண்டும், எந்நேரமும் பயிற்சி பெற்ற ஒருவர் விழித்திருக்க வேண்டும். நோயும் நிற்காது, ஒரு கட்டத்தில் கண் அசைவு மட்டுமே மிஞ்சலாம், சிலருக்கு அதுவும் போகும். செலவைச் சொல்லிச் சித்தப்பா சொத்துக் கணக்கு பேசுவதாக எழுதியிருக்கிறீர்கள், அது உங்களுக்கு வலித்திருக்கிறது. அவர் சொன்ன விதம் சரியில்லை, ஆனால் செலவும் ஆள்பலமும் உண்மையான கேள்விகள், அவற்றைப் பேசுவதில் வெட்கம் இல்லை.

நான் பார்த்தவரை பெரும்பாலான குடும்பங்கள் இந்தத் துளையைத் தேர்ந்தெடுப்பதில்லை, அது அவர்களுக்கு நேர்ந்துவிடுகிறது. நள்ளிரவில் மூச்சுத் திணறல், அவசரப் பிரிவு, பணியில் இருக்கும் இளம் மருத்துவர் குழாய் போடுகிறார். அது அவர் கடமை. பிறகு அந்தக் குழாயை எடுக்க முடியாமல், இரண்டு வாரத்தில் "ட்ரக்கியாஸ்டமி செய்யலாமா, கையெழுத்துப் போடுங்கள்" என்று வருகிறது. அப்பாவால் பேச முடியாத நிலையில் அவர் உயிரைப் பற்றி நீங்களும் அண்ணனும் சித்தப்பாவும் வராந்தாவில் நின்று சண்டை போடுவீர்கள்.

சட்டம்

வேண்டாம் என்று சொல்வது குற்றம் இல்லை. தெளிவான மனநிலையில் இருக்கும் ஒருவர் எந்தச் சிகிச்சையையும் மறுக்கலாம், தொடங்கிய மெஷினை நிறுத்தச் சொல்லவும் செய்யலாம். 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு, கண்ணியத்தோடு இறப்பதும் வாழும் உரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. பின்னால் முடிவெடுக்க முடியாமல் போனால் என்ன செய்ய வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதி வைக்கவும் அனுமதித்தது. அந்த நடைமுறை 2023 ஜனவரியில் எளிதாக்கப்பட்டது: இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியிடம் சான்று பெற்றால் போதும். தன் சார்பில் முடிவு சொல்ல வேண்டியவர்களின் பெயரையும் அதில் குறிப்பிட வேண்டும். அவர் நினைவிழந்த பிறகு மருத்துவமனையில் இரண்டு மருத்துவக் குழுக்கள் பார்த்து முடிவு செய்யும். ஊசி போட்டு உயிரைப் போக்குவது இங்கே சட்டவிரோதம். அதையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். எல்லா சிகிச்சையும் வேண்டும் என்று எழுதி வைக்கவும் அவருக்கு உரிமை உண்டு.

மறுத்தால் மூச்சுத் திணறித் துடிப்பாரோ என்று பயப்படுகிறீர்கள். இந்த நோயில் பெரும்பாலான மரணங்கள் அமைதியாக, தூக்கத்திலேயே நடக்கின்றன. மூச்சுத் தவிப்புக்குக் குறைந்த அளவு மார்பின் நன்றாகக் கேட்கும். தூக்க மாத்திரை கூடாது என்றவர் மார்பின் தரச் சொல்கிறாரே என்று தோன்றும். அது வலிதணிப்பு மருத்துவர் சிறு அளவில் தொடங்கி, கண்காணித்து ஏற்றும் மருந்து. பக்கத்து அரசு மருத்துவக் கல்லூரியில் வலிதணிப்புப் பிரிவு இருக்கிறதா என்று விசாரித்து, இப்போதே அறிமுகம் செய்துகொள்ளுங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டைக்கும் விண்ணப்பியுங்கள்.

அப்பாவிடம் சொல்வது

மேலே சொன்ன எந்த முடிவும் உங்களுடையது இல்லை, அண்ணனுடையதும் இல்லை. எடுக்க வேண்டியவருக்கு நோயின் பெயரே தெரியாது. சொன்னால் உடைந்துவிடுவார் என்று அம்மா பயப்படுகிறார், புரிகிறது. ஆனால் "சரியாகிவிடும்" என்று சொல்லப்பட்ட ஒருவர், முகத்தில் இறுக்கும் அந்த மாஸ்க்கை எதற்காகப் பொறுத்துக்கொள்ள வேண்டும்? கை போய், கால் போய், ராத்திரியெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு எதுவுமே புரியவில்லை என்றா நினைக்கிறீர்கள்? உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும் என்று அவரும் கேட்காமல் இருக்கலாம்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்ட வேண்டாம். "அப்பா, உங்க உடம்பப் பத்தி டாக்டர் சொன்னதெல்லாம் தெரிஞ்சுக்கணும்னு நினைக்கிறீங்களா?" என்று கேளுங்கள். வேண்டாம், நீ பார்த்துக்கொள் என்றால் அதுவும் அவர் முடிவுதான், யாரிடம் விடுகிறார் என்று மட்டும் கேட்டு வையுங்கள். வேண்டும் என்றால் நரம்பியல் மருத்துவரிடம் நேரம் கேட்டு, அவர் முன்னாலேயே பேசுங்கள். பேச்சு இன்னும் குழறலாம். இந்த நோய் சிலருக்குச் சிந்தனையையும் நடத்தையையும் கொஞ்சம் மாற்றும். அதனால் பொங்கல் கழியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள்.

அண்ணன் வீடியோ காலில் இதில் கலந்துகொள்வதாகச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள், பத்து நாள் லீவு போட்டு வரச் சொல்லுங்கள். மெஷினைப் பழக்கும் முதல் சில இரவுகளில் அம்மாவோடு மாறி மாறி விழித்திருக்க அவர் தேவைப்படுவார்.